காணப்படாத அளவு

எண்ணுக்கு முன்னால் எலிகள்.
வரிசைக்கு இருபத்து நான்கு தாய்கள்,
எங்கோ ஒரு குளிர்நாட்டுக் கூடத்தில், எப்போதோ.
மேல்வரிசையில் ஈற்றுக்குப் பன்னிரண்டு குட்டிகள்
ஒன்பதாகக் குறைந்தன.
கீழ்வரிசையில் குறையவில்லை.
கீழ்வரிசைக்குப் பெயர்
பாதிப்பு காணப்படாத அளவு.
'பாதிப்பு இல்லாத' என்றுதான் வரைவில் எழுதியிருந்தேன்.
டாக்டர் நோர்ஹயாத்தி சிவப்பு மையால் அடித்தார்.
காணவில்லை, அவ்வளவுதான் என்றார்.

பிறகு வகுத்தல்.
எலிக்கும் மனிதருக்கும் நடுவே ஒரு பத்து.
மனிதருக்கும் மனிதருக்கும் நடுவே இன்னொரு பத்து;
இரண்டும் ஒரே தூரம் என்பதை
அன்றுதான் சத்தம் போட்டுச் சொல்லிப் பார்த்தேன்.
தெரியாதவற்றுக்காக மூன்றாவது பத்து கேட்டேன்.
ஆலைத் தரப்பில் வந்திருந்த திரு தே
கறி பஃப்பைத் தட்டில் வைத்துவிட்டு
பாதி தரலாமே என்றார்.
பத்தில் பாதி மூன்று. எங்கள் கணக்கு அப்படி,
மடக்கை படித்தவர்கள் அதற்குச் சண்டை போடுவதில்லை.
கோப்பி ஆறுவதற்குள்
அறுநூறை முந்நூறால் வகுத்தாயிற்று.
பத்து லட்சம் பங்கு காற்றில் இரண்டு பங்கு.

அந்த இரண்டை எடுத்துக்கொண்டு
உட்லண்ட்ஸ் ஆலைக்குப் போனேன், இரவு வேலை நேரத்தில்.
யோகவல்லியின் கழுத்துப்பட்டையில் கண்ணாடிக் குழாய்,
மூக்கிலிருந்து ஒரு சாண்.
இடுப்பில் பம்பு.
பூனை தூங்குற மாதிரி சத்தம், மேடம் என்றாள்.
மாசாயில் வீடு. மூன்றரைக்குக் கிளம்பி
மோட்டார் சைக்கிளில் பாலத்து நெரிசல் தாண்டி
ஏழுக்கு வெள்ளை அங்கி.
பாலத்தில் குடித்த புகை என் தாளில் இல்லை.
எட்டு மணி நேரத்துக்குப் போட்ட எண், அவள் நிற்பதோ பன்னிரண்டு.
அதற்கும் ஒரு வகுத்தல் உண்டு.
இரண்டு, ஒன்றானது.

இரவு இரண்டு பத்துக்குப் பீப்பாய் மாற்றினாள்.
மூடி திறந்த நான்கு நிமிடம்
என் கையிலிருந்த கருவி
முப்பத்தொன்றைத் தொட்டுவிட்டு இறங்கியது.
கழுத்துக் குழாய்க்கு நிமிடம் தெரியாது.
இரவெல்லாம் குடித்ததைக் கலக்கி
ஆய்வகத்தில் ஒரே சொல்லாகச் சொன்னது:
பூஜ்யம் புள்ளி ஒன்பது.

இதைச் சொல்லத்தான் மறுவாரம் போனேன்.
ஓய்வறையில் மைலோ பாக்கெட்டில் குழல் குத்திக்கொண்டே
நாள் தள்ளிப்போயிருக்கு என்றாள்.
பதினாறு நாள். வீட்டுக்காரருக்கே இன்னும் சொல்லல.
ஒன்னுக்குக் கீழதானே, மேடம்?
கீழேதான்.

எந்த நாளில் இதயக் குழாய் மடியும்,
எந்த நாளில் முதுகெலும்பு ஓரம் கூடி மூடும்,
எனக்கு அட்டவணையாகத் தெரியும்.
சராசரிக்குக் கிழமை கிடையாது.

மேற்பார்வையாளரிடம் சொல்லிவிடு, மாற்றித் தருவார்கள் என்றேன்.
பேக்கிங்குக்குப் போட்டா நைட் அலவன்ஸ்?
அதற்கு என்னிடம் எண் இல்லை.
பக்கத்துப் பீப்பாய் ஆரோக்கியத்திடம்
யாரும் எதுவும் கேட்பதில்லை;
அவனும் அதே எலிக் கட்டுரையில் இருக்கிறான்,
ஏழாம் பக்கம், ஆண் எலிகள், விதைப்பை எடை.

அறிக்கைப் படிவத்தில் நான்கு நிமிடத்துக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
2.10, பீப்பாய், 31.
கணினியில் ஏற்றியபோது ஓரம் வெட்டுப்பட்டுப் போனது.
மறுபடி எழுதினேன், இந்த முறை பேனாவால்,
எண்ணுக்கு மேலேயே.

வியாழக்கிழமை கூட்டம்.
கறி பஃப் நான் வாங்கிப் போகிறேன்.
திரு தேயிடம்
பத்தின் மீதிப் பாதியைக் கேட்க வேண்டும்.